உந்தமா, ஆற்றலா? மோதல் கணக்கை எங்கே வெட்டுவது: முழுமையான வழிகாட்டி

கயிற்றில் தொங்கும் மரக்கட்டைக்குள் ஒரு தோட்டா பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. தோட்டாவின் நிறை 10 கிராம். தோட்டாவும் கட்டையும் சேர்ந்து 4 கிலோகிராம். பாய்ந்த வேகத்தில் கட்டை ஊசலாடி 5 சென்டிமீட்டர் உயர்கிறது. தோட்டா என்ன வேகத்தில் வந்தது?

பதினோராம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் விடைத்தாள்களில் பெரும்பாலும் இரண்டு எண்கள்தான் வரும். ஒன்று நொடிக்கு 20 மீட்டர், மற்றொன்று நொடிக்கு 400 மீட்டர். 20 என்று எழுதியவருக்கும் ஆற்றல் மாறா விதி தெரியும். பெருக்கல், வர்க்கமூலம் எல்லாவற்றையும் சரியாகவே போட்டிருப்பார். ஆனால் நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். சுழற்பந்து வீச்சாளரின் பந்தே இதைவிட விரைவாக வரும். விதி தெரிந்தவருக்கு எங்கே சறுக்கியது? நிகழ்வு முழுவதற்கும் ஒரே விதியை இழுத்துப் போர்த்தியதில்தான். எந்த நேரத்துண்டுக்கு எந்த விதி என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் வேலை, ஆற்றல், உந்தம் ஆகிய பாடங்களில் வரும் கணக்குகளில் பாதி பயம் போய்விடும்.

இந்த வழிகாட்டியில் ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்றே எடுத்துக்கொள்கிறேன். 9.8 போட்டால் பௌதிகம் மாறாது, பெருக்கல்தான் நீளும்.

தூரமும் நேரமும்

ஒரு பொருளின் மீது விசை செயல்படுகிறது. விசையை, அதன் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. அதே விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. மொத்த வேலை இயக்க ஆற்றலை மாற்றுகிறது. மொத்தக் கணத்தாக்கு உந்தத்தை மாற்றுகிறது.

வேலை = விசை × விசையின் திசையிலான இடப்பெயர்ச்சி
இயக்க ஆற்றல் = ½ × நிறை × திசைவேகம்²
கணத்தாக்கு = விசை × நேரம்
உந்தம் = நிறை × திசைவேகம்

நான்கு வரிகளையும் மனப்பாடம் செய்வது எளிது. அவை ஒன்றுக்கொன்று எப்படி உறவு என்பதைக் காண ஒரு காரை நிறுத்திப் பார்க்கலாம். காரின் நிறை 1000 கிலோகிராம். பிரேக் பிடித்தால் 5000 நியூட்டன் விசை எதிர்த்திசையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் வந்தால் உந்தம் 10,000 கிகி·மீ/வி, இயக்க ஆற்றல் 50,000 ஜூல். உந்தத்தை விசையால் வகுத்தால் நிற்க ஆகும் நேரம்: 2 நொடி. ஆற்றலை விசையால் வகுத்தால் நிற்கும் முன் ஓடும் தூரம்: 10 மீட்டர்.

வேகத்தை 72 கிலோமீட்டர் ஆக்குங்கள். உந்தம் 20,000, ஆற்றல் 2,00,000 ஜூல். நிற்க 4 நொடி ஆகிறது. ஓடும் தூரமோ 40 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாகிறது, தூரம் மட்டும் நான்கு மடங்காகிறது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த நான்கு மடங்குதான்.

இந்த இரண்டில் எது இயக்கத்தின் 'உண்மையான' அளவு என்று ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. நிறையை வேகத்தால் பெருக்குவதே அளவு என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட். 1686-ல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் அதை மறுத்து, வேகத்தின் வர்க்கத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றார். நெதர்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் ஸ்கிரேவசாண்டே 1720-களில் பித்தளைப் பந்துகளை மென்மையான களிமண் மீது போட்டுப் பார்த்தார். ஒரே அளவு, வெவ்வேறு எடை கொண்ட பந்துகள். மூன்று மடங்கு எடையுள்ள பந்தை மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து போட்டால், இலேசான பந்து முழு உயரத்திலிருந்து விழுந்து உண்டாக்கிய அதே பள்ளம் விழுந்தது. உந்தம் இரண்டுக்கும் சமமில்லை. நிறை, வேக வர்க்கம் இரண்டின் பெருக்கற்பலன்தான் சமம். பிரான்சில் எமிலி டு ஷாட்லே 1740-ல் வெளியிட்ட பௌதிக நூலில் லைப்னிட்ஸின் அளவையே ஆதரித்து எழுதினார். அந்த ½ என்ற எண்ணும், 'வேலை' என்பதற்கு இன்றைய துல்லியமான பொருளும் 1829-ல் கொரியோலிஸ் எழுதியதிலிருந்து நிலைபெற்றவை.

களிமண்ணில் பள்ளம் என்பது தூரம். ஆகவே அந்தச் சோதனை ஆற்றலைத்தான் காட்டும். பந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்க ஒரு கருவி அன்று இருந்திருந்தால் டேக்கார்ட் கட்சியினரும் தங்கள் பங்குக்கு ஒரு சோதனையைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். இரு கட்சியும் காரை நிறுத்தியிருக்கின்றன. ஒன்று கடிகாரத்தைப் பார்த்தது, மற்றொன்று அளவுநாடாவைப் பார்த்தது.

படி 1: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்துக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். படம் வரைந்து அவற்றைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் ஒன்றையொன்று தள்ளும் விசைகள் அகவிசைகள். அவை சோடி சோடியாக வருவதால் மொத்த உந்தத்தை மாற்றாது. கோட்டுக்கு வெளியிலிருந்து வருபவை மட்டுமே மாற்றும்.

தோட்டாவை மட்டும் அமைப்பாக எடுத்தால் மரத்தின் விசை வெளிவிசை ஆகிவிடும், உந்தம் மாறிவிடும். தோட்டாவையும் கட்டையையும் சேர்த்து எடுத்தால் அதே விசை அகவிசை. ஆகவே மோதல் கணக்கில் மோதும் இரண்டையும் கோட்டுக்குள் கொண்டுவருவது வழக்கம்.

படி 2: நிகழ்வை நேரப்படி வெட்டுங்கள்

வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் படிதான். தோட்டா மரத்தைத் தொடும் கணம், தோட்டா மரத்துக்குள் நின்றுவிடும் கணம், கட்டை உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும் நேரம் ஆகிய மூன்று புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் இடையில் இருப்பது மோதல். அடுத்த இரண்டுக்கும் இடையில் இருப்பது ஊசல்.

வெட்டுவது நியாயமா என்று ஒரு சந்தேகம் எழலாம். மோதல் முடிவதற்குள்ளேயே கட்டை ஆடத் தொடங்கிவிடாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். தோட்டா நொடிக்கு 400 மீட்டரில் வந்து மரத்துக்குள் 10 சென்டிமீட்டர் புகுந்து நிற்கிறது என்றால், சராசரி வேகம் சுமார் 200. நேரம் 0.0005 நொடி. அதற்குள் கட்டை நகரும் தூரம் கால் மில்லிமீட்டர். கயிறு சாய்ந்ததாகவே சொல்ல முடியாது. அது இன்னும் செங்குத்தாகத்தான் தொங்குகிறது, கிடைத்திசையில் எதையும் இழுக்கவில்லை. வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

படி 3: ஒவ்வொரு துண்டிடமும் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: வெளிவிசையின் கணத்தாக்கு புறக்கணிக்கத்தக்க அளவு சிறியதா? ஆம் என்றால் அந்தத் துண்டில் மொத்த உந்தம் மாறாது. ஒரு திசையில் மட்டும் ஆம் என்றால், அந்தத் திசையில் மட்டும் மாறாது.

இரண்டாவது கேள்வி: இயந்திர ஆற்றல் வெப்பமாகவோ, ஒலியாகவோ, உருக்குலைவாகவோ போகிறதா? இல்லை என்றால் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் (நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்) சேர்ந்த தொகை மாறாது. ஆம் என்றால், எவ்வளவு போனது என்று தெரிந்தால் கழிக்கலாம். தெரியாவிட்டால் இந்த விதியை அந்தத் துண்டில் தொடக்கூடாது.

மோதலில் முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கும் ஆம், மரம் கிழிகிறது, சூடாகிறது, எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஆகவே உந்தம் மட்டும். ஊசலில் நிலைமை தலைகீழ். ஈர்ப்பும் கயிறும் இழுத்துக்கொண்டே இருப்பதால் உந்தம் சுழியாகும் வரை குறைகிறது. ஆனால் ஈர்ப்பு என்பது ஓர் 'ஆற்றல் மாற்றா விசை', அதாவது இயக்க ஆற்றலை நிலை ஆற்றலாக மாற்றுமே தவிர வெப்பமாக வீணாக்காது. கயிற்றின் இழுவிசை எப்போதும் இயக்கத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் அது செய்யும் வேலை சுழி. ஆகவே ஆற்றல் மட்டும்.

படி 4: தெரிந்த முனையிலிருந்து தொடங்குங்கள்

நமக்குத் தெரிந்தது உயரம். ஆகவே பின்னாலிருந்து வருவோம்.

ஊசல் (நிறை இருபுறமும் அடிபட்டுப்போகும்): ½ × வேகம்² = 10 × 0.05. வேகம்² = 1. மோதல் முடிந்த கணத்தில் கட்டையின் வேகம் நொடிக்கு 1 மீட்டர்.

மோதல்: 0.01 × தோட்டாவின் வேகம் = 4 × 1. தோட்டாவின் வேகம் நொடிக்கு 400 மீட்டர்.

இரண்டு வரி. மோதலின் ஆற்றலையும் பார்த்துவிடலாம். முன்பு ½ × 0.01 × 400² = 800 ஜூல். பின்பு ½ × 4 × 1² = 2 ஜூல். மீதி 798 ஜூல் மரத்தைக் கிழிக்கவும் சூடாக்கவும் போய்விட்டது. இதில் பாதி தோட்டாவுக்குள்ளேயே வெப்பமாகத் தங்கினால் 10 கிராம் ஈயத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 300 டிகிரி உயரும். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். 20 என்று எழுதியவர் அந்த 2 ஜூலை மட்டும் தோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, 798 ஜூலைக் கணக்கிலேயே காட்டாமல் விட்டவர்.

எஞ்சும் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு சுருக்கவழி உண்டு. நின்றுகொண்டிருக்கும் பொருளில் மோதி ஒட்டிக்கொண்டால், எஞ்சும் இயக்க ஆற்றலின் பங்கு = மோதிய நிறை ÷ மொத்த நிறை. இங்கே 0.01 ÷ 4, அதாவது நானூறில் ஒரு பங்கு. 800-ஐ 400-ஆல் வகுத்தால் 2.

இந்த ஊசலைச் செய்துகாட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். பீரங்கியியல் பற்றி 1742-ல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். முகப்பில் மரக்கட்டை பொருத்திய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். ஊசல் ஆடும்போது நாடா உருவிக்கொண்டு வரும். வந்த நீளத்தைப் பார்த்து ஆடிய அளவைக் கண்டுகொள்வார். நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் விரையும் குண்டின் வேகத்தை, நொடியைத் துல்லியமாகப் பிரிக்கும் கடிகாரம் இல்லாமலே அளந்துவிட்டார். 1745-ல் கணித மேதை ஆய்லர் அந்த நூலை விரிவான குறிப்புகளோடு ஜெர்மனில் பெயர்த்தார். ராபின்ஸின் கதை முடிந்தது நம் ஊரில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்தவர், 1751 ஜூலையில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.

படி 5: திசையையும் குறியையும் எழுதுங்கள்

ஆற்றலுக்குத் திசை இல்லை, உந்தத்துக்கு உண்டு. ஒரு திசையை நேர்க்குறி என்று முடிவு செய்து, தாளின் மேலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

0.16 கிலோகிராம் கிரிக்கெட் பந்து நொடிக்கு 30 மீட்டரில் வந்து, மட்டையில் பட்டு 20 மீட்டரில் வந்த வழியே திரும்புகிறது. உந்த மாற்றம் 0.16 × 10 = 1.6 என்று எழுதுவது தவறு. +30-லிருந்து −20-க்கு மாறியிருக்கிறது, வித்தியாசம் 50. உந்த மாற்றத்தின் அளவு 8 கிகி·மீ/வி. மட்டையில் பந்து ஒட்டியிருந்த நேரம் ஒரு மில்லிநொடி என்றால் சராசரி விசை 8000 நியூட்டன். தவறான குறி விசையை ஐந்தில் ஒரு பங்காக்கிவிடும்.

மீட்சி மோதல்: கேரம் பலகை

மோதியவை ஒட்டாமல் பிரிந்தால் தெரியாத வேகங்கள் இரண்டு. உந்தச் சமன்பாடு ஒன்றுதான். இன்னொரு சமன்பாடு வேண்டும். மோதல் முழு மீட்சியுடையது என்றால் இயக்க ஆற்றலும் மாறாது. ஆனால் அதை வர்க்கங்களோடு எழுதி இருபடிச் சமன்பாடாகத் தீர்ப்பது வீண் உழைப்பு. அதற்குப் பதில் இந்த ஒரு வரி போதும்: நேர்க்கோட்டு மீட்சி மோதலில் நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம்.

15 கிராம் ஸ்டிரைக்கர் நொடிக்கு 2 மீட்டரில் போய், நிற்கும் 5 கிராம் காயை நேருக்கு நேர் அடிக்கிறது. நெருங்கும் வேகம் 2. ஆகவே காய் ஸ்டிரைக்கரைவிட 2 கூடுதலாகப் போக வேண்டும். உந்தம்: 15 × 2 = 15 × ஸ்டிரைக்கர் + 5 × (ஸ்டிரைக்கர் + 2). 30 = 20 × ஸ்டிரைக்கர் + 10. ஸ்டிரைக்கரின் வேகம் 1, காயின் வேகம் 3.

அடித்ததைவிட அடிவாங்கியது விரைவாகப் போகிறதே, ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று திகைப்பவர்கள் உண்டு. முன்பு ½ × 15 × 4 = 30. பின்பு ½ × 15 × 1 + ½ × 5 × 9 = 7.5 + 22.5 = 30. (கிராமில் போட்டதால் மில்லிஜூல்.) முக்கால் பங்கு ஆற்றல் காயிடம் கைமாறிவிட்டது.

உண்மையான கேரமில் கொஞ்சம் இழப்பு இருக்கும். விலகும் வேகம் நெருங்கும் வேகத்தில் 0.8 பங்கு என்று வைத்தால் ஸ்டிரைக்கர் 1.1, காய் 2.7, ஆற்றல் 30-லிருந்து 27.3 ஆகிறது. உந்தம் அப்போதும் 30-தான்: 16.5 + 13.5. இழப்பு இருக்கிறது என்பதற்காக உந்த விதியைக் கைவிடுபவர்கள் இந்த வரியை ஒருமுறை சொந்தமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உராய்வு இருந்தால்

மோதலே இல்லாத, உயரமும் உராய்வும் மட்டும் உள்ள கணக்குகளுக்கு உந்தம் வேண்டாம். 3 மீட்டர் உயரம், 5 மீட்டர் நீளம் உள்ள சறுக்குமரத்தில் 30 கிலோகிராம் சிறுவன் ஓய்விலிருந்து சறுக்குகிறான், உராய்வுக் குணகம் 0.5. நிலை ஆற்றல் 30 × 10 × 3 = 900 ஜூல். செங்குத்து எதிர்விசை 300 × 4/5 = 240 நியூட்டன், உராய்வு 120 நியூட்டன். அது 5 மீட்டருக்கு உறிஞ்சுவது 600 ஜூல். மீதி 300 ஜூல்; வேகம்² = 20, வேகம் சுமார் 4.5 மீ/வி. உராய்வைப் பெருக்க வேண்டியது சறுக்கிய நீளத்தால், உயரத்தால் அல்ல. மதிப்பெண் போகும் இடம் இதுதான்.

தரை தருவது எது?

50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கிறார். தரையை விட்டு எழும் வேகம் நொடிக்கு 3 மீட்டர். உந்தம் 150, இயக்க ஆற்றல் 225 ஜூல். தரை மேல்நோக்கித் தள்ளாமல் அந்த உந்தம் கிடைத்திருக்காது. எடையை ஈடுகட்டியதுபோக மிஞ்சிய கணத்தாக்கு 150 நியூட்டன்-நொடி. ஆனால் தரை செய்த வேலை எவ்வளவு? பாதம் தரையை விட்டு எழும் வரை, விசை செயல்படும் புள்ளி நகரவே இல்லை. வேலை சுழி. உந்தம் தரையிலிருந்து வந்தது, ஆற்றல் தொடைத் தசையிலிருந்து வந்தது. ஒரே விசை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பாடநூல்கள் பலவும் ஏனோ இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

படி 6: விடையைச் சோதியுங்கள்

மூன்று சோதனைகள் போதும். அலகு பொருந்துகிறதா? மோதலுக்குப் பின் இயக்க ஆற்றல் கூடிவிட்டதா? வெடிப்போ, உள்ளே அமுங்கிய வில்லோ இல்லாமல் கூடியிருந்தால் எங்கோ குறி தப்பியிருக்கிறது. எண் நம்பும்படி இருக்கிறதா? சுழற்பந்தைவிட மெதுவான தோட்டா இந்த மூன்றாவது சோதனையில் பிடிபட்டிருக்கும்.

இயன்றால் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தோட்டாவை நிறுத்திய விசையை ஆற்றலிலிருந்து எடுத்தால், 800 ஜூல் ÷ 0.1 மீட்டர் = 8000 நியூட்டன். உந்தத்திலிருந்து எடுத்தால், 4 ÷ 0.0005 = 8000 நியூட்டன். (கட்டை நகர்ந்த கால் மில்லிமீட்டரை இங்கே விட்டுவிட்டேன்.)

கொஞ்சம் கடினமான கணக்கு: ஓடும் பெல்ட்டில் மணல்

நொடிக்கு 2 மீட்டரில் ஓடும் கன்வேயர் பெல்ட்டின் மீது நொடிக்கு 50 கிலோகிராம் மணல் செங்குத்தாகக் கொட்டுகிறது. பெல்ட் வேகம் குறையாமல் ஓட மோட்டார் எவ்வளவு கூடுதல் திறன் தர வேண்டும்?

ஆற்றலைக் கொண்டு நேராகப் போனால், நொடிக்கு ½ × 50 × 4 = 100 ஜூல்; விடை 100 வாட். உந்தத்தைக் கொண்டு போனால், நொடிக்கு 50 × 2 = 100 அலகு உந்தம் சேர்கிறது, ஆகவே விசை 100 நியூட்டன். அந்த விசையோடு பெல்ட் நொடிக்கு 2 மீட்டர் நகர்கிறது. விடை 200 வாட்.

200 தான் சரி. விழுந்த மணல் பெல்ட்டின் வேகத்தைப் பிடிக்கும் வரை பெல்ட்டின் மீது வழுக்குகிறது, வழுக்கும்போது உரசுகிறது. இது நொடிதோறும் நடக்கும் மீட்சியற்ற மோதல். பாதித் திறன் மணலின் இயக்கத்துக்கும் பாதி வெப்பத்துக்கும் போகிறது. உராய்வுக் குணகம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாதி மாறுவதில்லை. வழவழப்பான பெல்ட்டில் மணல் நீண்ட தூரம் மெல்ல உரசும், சொரசொரப்பான பெல்ட்டில் குறுகிய தூரம் பலமாக உரசும், பெருக்கற்பலன் ஒன்றே. பெல்ட்டோடு ஓடிக்கொண்டே பார்ப்பவருக்கு இது இன்னும் எளிது: மணல் நொடிக்கு 2 மீட்டரில் பக்கவாட்டில் வந்து விழுந்து நின்றுபோகிறது, நொடிக்கு 100 ஜூல் வெப்பமாகிறது, அவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் போட்டால் நுழைவுத் தேர்வுகளுக்குப் பிடித்தமான கேள்வி கிடைக்கும். உராய்வில்லாத பாதையில் மணல் ஏற்றிய வண்டி தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் ஓட்டை விழுந்து மணல் கொட்டத் தொடங்குகிறது. நிறை குறைவதால் வேகம் கூடுமா? கூடாது. வெளியேறும் ஒவ்வொரு மணலும் வண்டியின் கிடைத்திசை வேகத்தோடேயே வெளியேறுகிறது. தன் பங்கு உந்தத்தையும் எடுத்துக்கொண்டே போகிறது. வண்டியை யாரும் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. வண்டியின் இயக்க ஆற்றல் குறைகிறதே என்றால், குறைந்த பங்கு கொட்டிய மணலிடம் இருக்கிறது. அந்த மணல் தரையில் உரசி நிற்கும்போது அது வெப்பமாகிறது.